மாதேஸ்வரனின் ஆபரேஷன் சீட்டு

மாதேஸ்வரன் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பதினோராவது நாள் காலையில், அவனைப் பார்க்க ஏழாவது ஹார்லிக்ஸ் பாட்டில் வந்து சேர்ந்தது. சர்க்கரை நோயாளிக்கும் ஹார்லிக்ஸ்தான் வாங்கிப் போவோம் என்று அடம்பிடிக்கிற ஊர் அது. கொண்டு வந்த தூரத்து உறவினர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம்ப்பா கொடலு எறங்குச்சு?"

"எடது பக்கங்க" என்றான் மாதேஸ்வரன். முந்தின நாள் வந்தவரிடம் வலது பக்கம் என்று சொல்லியிருந்தான்.

குடலிறக்கம் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தானே தவிர, உண்மையில் குடல் எந்தப் பக்கமும் இறங்கவில்லை. சர்க்கரை நோயால் ஆண்மை போய்விட்டது. அதற்குச் சேலத்து மருத்துவமனை ஒன்றில், ஆணுறுப்புக்குள் செயற்கைக் கருவி வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். விஷயம் ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அவன். இன்னொருத்தி அவன் மனைவி கோகிலவாணி.

நல்லம்பள்ளி பக்கம் நாலு ஏக்கர் தக்காளி போடுகிறவன் மாதேஸ்வரன். நாற்பத்தாறு வயது. பங்காளிகள் நடுவே மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பதில் தனிச் சுகம் கண்டவன். எட்டு வருடத்துக்கு முன் சர்க்கரை என்று தெரிந்ததும், டீக்கடையில் எவனோ ஒரு மேதாவி, "சுகர் மாத்திர தின்னா ஆம்பளத்தனம் போயிடும்" என்று சொல்லிவைத்தான். டாக்டர் சொன்னதை நம்பாதவன் அதை அப்படியே நம்பினான். வீடு வீடாக வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் நஸீமா, மாதம் தவறாமல் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் எல்லாம் எருக்குழிக்குப் போகும். மாத்திரை இல்லாமல் ஏறிய சர்க்கரை, எதற்குப் பயந்தானோ அதையே செய்து முடித்தது.

அப்புறம் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களிடம் போனான். டப்பா டப்பாவாக லேகியம் தின்றான். ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி தோற்ற கோபம் விடிந்ததும் கோகிலவாணி மேல் இறங்கும். குழம்பில் உப்பு கூடினால் அடி, கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு போனால் அடி. ஒருமுறை குத்தியதில் முன்பல் ஒன்று போனது. அறைந்து அறைந்தே அவளுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. ஊர் என்ன சொன்னது? "அவகிட்ட என்னமோ தப்பு இருக்குது, இல்லாட்டி அவன் ஏன் அடிக்கறான்?" அடிக்கிறவனுக்குக் காரணம் தேடிக் கொடுப்பதில் நம் ஊர்களை மிஞ்ச ஆளில்லை.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. இது வியாதி, இதற்கு டாக்டர் இருக்கிறார் என்று நஸீமாவிடம் ஜாடைமாடையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவனைச் சேலத்துக்கு அழைத்துப் போனதே கோகிலவாணிதான்.

"ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது, உடம்பை அலட்டவே கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சர்க்கரை கட்டுக்குள் இருக்கணும். தையல் விட்டுக் கிருமி ஏறிடுச்சுன்னா, வெச்சதை வெளிய எடுக்கறதைத் தவிர வழியில்ல."

அன்றிலிருந்து கோகிலவாணி அவனைக் கண்ணாகப் பார்த்தாள். கட்டுப் பிரித்துப் புண்ணைத் துடைத்து, மணி பார்த்து மாத்திரை கொடுத்து, கேப்பைக் கூழ் கரைத்து நீட்டினாள். சர்க்கரை மாத்திரையை மட்டும், அவள் தலை மறைந்ததும் அவன் இப்போதும் ஜன்னல் வழியே வீசிவிடுவான். அடி விழாமல் பத்து நாள் போயிருந்தது. அவனால் எழுந்து கை ஓங்க முடியவில்லை, அவ்வளவுதான். அதையே அவள் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

உறவினர் கிளம்பியதும் அவள் வந்து, "புண்ணு ஆறுற மாத்திர இன்னிக்கோட தீந்துபோவுதுங்க. டாக்டர் குடுத்த சீட்ட போட்டோ எடுத்து மெடிக்கலுக்கு அனுப்புங்க. எடுத்து வெக்கறேன்னு சொன்னாங்க" என்றாள். வலி மாத்திரை போட்ட மயக்கத்தில், கண்ணாடியைக்கூட மாட்டாமல் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினான் மாதேஸ்வரன்.

மதியம் பங்காளிகள் மூன்று பேர் வந்தார்கள். பெரியப்பா மகன் பெரியண்ணன்தான் முன்னால் வந்தார். குலதெய்வக் கோயில் கட்டிட வேலைக்குத் தலைவர் அவர். உட்காரும்போதே மாதேஸ்வரனின் மடியைப் பார்த்தார். மற்ற இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார்கள்.

"ஏன்டா மாதேசா, உள்ள வெச்ச மெஷினு எப்பிடி? ஸ்விட்சு போட்டா ஓடுதா?"

மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமலே எழுந்து வெளியே போனார்கள். பைக் கிளம்பிய பிறகும் அந்தச் சிரிப்பு கேட்டது.

மாதேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. யார் சொன்னார்கள் என்று அவர்களிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. தெரிந்தவள் ஒருத்திதானே என்று அவனாகவே முடிவு கட்டினான். சுவரைப் பிடித்து எழுந்தான். தக்காளிச் செடிக்கு ஊன்றுகிற சவுக்குக் குச்சிகள் பின்வாசலில் கட்டாகச் சாத்தியிருந்தன. ஒன்றை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"எவன்கிட்டடி சொன்ன?"

அவள் திரும்புவதற்குள் முதல் அடி முதுகில் விழுந்தது. கூழ்ச் சட்டி கவிழ்ந்தது. "நான் யாருகிட்டயும் சொல்லலீங்க" என்று அவள் கையைக் குறுக்கே நீட்டினாள். அந்தக் கையிலேயே ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. நிறுத்தினானா? இல்லை. முடியைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. விழுந்தவளை உதைக்கக் காலைத் தூக்கினான்.

அப்போது அடிவயிற்றின் கீழே சுரீர் என்று ஏதோ கிழிந்தது. குச்சி கையிலிருந்து நழுவியது. கொட்டிக் கிடந்த கூழில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தான். வேட்டி முன்பக்கம் முழுவதும் சிவந்து நனைந்தது. மிருகம் போல் கத்தினான்.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கோகிலவாணி தவழ்ந்து போய் நல்ல கையால் அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, மெடிக்கல்லேர்ந்து பேசறேன். சீட்டு அனுப்பறேன்னு அண்ணி சொன்னாங்க, இன்னும் வரலீங்களே?"

அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். சீட்டு வேறு எங்கே போயிருக்கும்? 'குலதெய்வம் பங்காளிகள்' வாட்ஸ்அப் குரூப்பில், நாற்பத்தெட்டு பேர் நடுவே, ஆபரேஷன் பேரோடு தெளிவாகக் கிடந்தது. அதற்குக் கீழே, காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் தமிழில் விளக்கம் எழுதியிருந்தான். அதற்கும் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். முதல் பொம்மை பெரியண்ணன் போட்டது.

"சொன்னது யாரு? நல்லா பாரு" என்றாள் கோகிலவாணி. இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் முறை. "நீயே ஊருக்குச் சொன்ன. என் கைய ஒடைச்ச."

பக்கத்து வீட்டில் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்த நஸீமா கத்தல் கேட்டு ஓடிவந்தாள். இரண்டு பேரையும், போனில் விரிந்து கிடந்த சீட்டையும் பார்த்தவள், முதலில் கோகிலவாணியின் நெற்றியில் துணியை அழுத்திக் கட்டினாள். 108-க்குப் போன் செய்துவிட்டு, மாதேஸ்வரனின் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

"மாத்திரய எருக்குழில கொட்டுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா அண்ணா?" என்றாள். "மாத்திரயால ஒண்ணும் போவல. போட்டிருந்தா இந்த ஆபரேஷனே வேணாம். வியாதிய ஒளிச்சு வெச்சீங்க, கோபத்த இந்தப் பொம்பள மேல ஏன் எறக்குனீங்க?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மருத்துவமனையில், பிரிந்திருந்த தையலில் சீழ் பிடித்தது. நாலாம் நாள், வைத்த கருவியை வெளியே எடுத்துவிட்டார்கள். இனி வைப்பதானால் பல மாதம் பொறுக்க வேண்டும், அதுவும் சுலபமில்லை என்றார் டாக்டர். கோகிலவாணி கையில் மாவுக்கட்டோடு மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, அரூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவனைப் பார்க்க வரவில்லை. ஏன் வர வேண்டும்?

வீடு திரும்பிய மாதேஸ்வரனுக்கு இந்தமுறை ஹார்லிக்ஸ் வரவில்லை. தானே புண்ணைத் துடைத்தான், தானே கட்டுப் போட்டான். ஒவ்வொரு தடவை குனியும்போதும் வலி உயிரைப் பிடுங்கியது. அவள் எத்தனை தடவை இப்படித் தன் காயத்தைத் தானே துடைத்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அன்று அழுதான். மூன்றாம் நாள் போனை எடுத்து, அதே குரூப்பில், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, பேசிப் பதிவு செய்தான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எனக்குக் கொடலு எறங்கல. சுகர் வந்து ஆம்பளத்தனம் போச்சு. மாத்திர போட்டிருந்தா போயிருக்காது. தப்பு எம்மேல. எம்பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல. அவ கைய நான்தான் ஒடைச்சன். ஸ்டேஷன்ல கேட்டாலும் இதயேதான் சொல்லப்போறன். சிரிக்கறவங்க சிரிங்க."

குரூப்பில் யாரும் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பெரியண்ணன் தனியாகக் கூப்பிட்டார்.

"மாதேசா... யாருகிட்டயும் சொல்லிடாத. எனக்கும் மூணு வருஷமா அதே பிரச்சினதான்டா. லேகியம் தின்னு பாத்துட்டன். அந்தச் சேலத்து டாக்டர் நம்பர் இருந்தா குடு."

மாதேஸ்வரனுக்குப் பெரியண்ணன் மனைவி, போன பொங்கலுக்கு முகத்தில் வீக்கத்தோடு கோலம் போட்டது ஞாபகம் வந்தது. மாடு முட்டிவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

"நம்பர் தரன் அண்ணா. அதுக்கு முன்னாடி அண்ணி மேல கை வெக்கறத நிறுத்துங்க. நமக்குப் போனது ஒடம்புல ஒரு வியாதி. அதுக்கு வைத்தியம் இருக்குது, அதுல அவமானம் எதுவும் கெடையாது. கட்டுனவள அடிச்சு மறைக்கறோம் பாருங்க, அன்னிக்குத்தான் நாம ஆம்பளைங்களே இல்லாம போனோம். அதுக்கு எந்த டாக்டர்கிட்டயும் ஆபரேஷன் இல்லீங்க."