மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு கல்லூரியின் பொன்விழா மலருக்கு, சரியான கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவனிடம் இதை ஏன் கேட்டார்களோ! எவன் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்ட ஊருக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கட்டுரை முதல் பத்தியிலேயே தடம் மாறி, போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கடைக்குள் புகுந்துவிட்டது. மலர்க் குழு திருப்பி அனுப்பிவிட்டது. இப்போது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

1954-ஆம் ஆண்டு மலையில் மழை பிடித்துக்கொண்ட சமயம்— (வேண்டாம். மழையில் தொடங்கினால் முடிவில் யாராவது சாக வேண்டியிருக்கும்.)

சந்திரவல்லி எஸ்.எஸ்.எல்.சி. தேறிய செய்தி கேட்டு மலையே இறங்கி வந்து— (இறங்கி வரவில்லை. கொஞ்சம் குனிந்தது. அதை நானே பார்த்தேன்.)

மொக்கச்சாமி எதையும் மேலாகப் பார்த்து நம்பாதவர். (இது இருக்கட்டும்.)

2

மொக்கச்சாமி எதையும் மேலாகப் பார்த்து நம்பாதவர். ஏலக்காய் வாங்கி விற்கிற எவராலும் நம்ப முடியாது. மலையிலிருந்து இறங்கிய மூட்டையின் வாயைப் பிரித்தால் காய்கள் பச்சைப் பசேலென்று பல்லைக் காட்டும். அதைப் பார்த்து விலை சொன்னவன் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். கையைத் தோள்வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ள வேண்டும். சொத்தையும் வெடித்ததும் அங்கேதான் குடியிருக்கும். அந்தப் பிடிக்குத்தான் விலை. இப்படி அள்ளி அள்ளியே மொக்கச்சாமியின் வலது கை இடது கையைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டது.*

* அரைச் சாண்தான் என்பவர்களும் உண்டு. பொறாமைக்காரர்கள்.

அவருடைய ஒரே மகள் சந்திரவல்லி. மேலே படிக்க வேண்டும் என்றாள். அவள் அம்மா ஒச்சம்மாளுக்கு வேறு யோசனை. ஒச்சம்மாளின் தம்பி சின்னமுத்துவுக்கு மலையில் ஏலத்தோட்டம், பங்களா, ஒரு ஜீப்பு, ஒரு மீசை. சந்திரவல்லிக்குத் தாய்மாமன், கட்டிக்கொள்ளும் முறை. மீசையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும்: கொண்டை ஊசி வளைவுகளில் முதலில் மீசை திரும்பும், பிறகுதான் ஜீப்பு.

மொக்கச்சாமி இருவருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார். மதுரையில் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு கல்லூரி இருக்கிறதாம். நேரில் போய்ப் பார்ப்பார். ஒன்றாவது மனசுக்குப் பிடித்தால் படிப்பு. இரண்டும் பிடிக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம்.

(இங்கே சந்திரவல்லி அழுதாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அழுகிற ஆளாக அவள் எனக்கு அமையவில்லை. தட்டில் இருந்த சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3

முதல் கல்லூரியின் தூண்கள் அப்படி உயரம். அடியிலிருந்து பறக்கிற குருவி, உச்சிக்குப் போய்ச் சேருமுன் நடுவில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். முதல்வர் அம்மாள் தங்கப் பதக்கம் வாங்கிய பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். மொக்கச்சாமி துண்டை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். பிறகு, பெயிலான பிள்ளை ஒன்றைக் கூப்பிடச் சொன்னார். இங்கே யாரும் பெயிலாவதில்லை என்றார் அந்த அம்மாள். இவர் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"சொத்தையே இல்லாத மூட்டைய நான் கண்டதில்ல ஆத்தா," என்றார் வெளியே, கூட வந்த மகளிடம். "எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்காக."

(கல்லூரி ஒரு மூட்டையா என்று படித்த வாசகர் கேட்பார். நானும் கேட்டேன். இந்த ஆளைக் கதையிலிருந்து நீக்கிவிட்டு விவரமான ஓர் அப்பாவைப் போடலாமா என்றுகூட நினைத்தேன். விவரமான அப்பா வந்தார், விலாசம் விசாரித்தார், பணம் கட்டினார், கதை மூன்றே வரியில் முடிந்துவிட்டது. மொக்கச்சாமியையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.)

4

இரண்டாவது கல்லூரி ஓட்டுக் கட்டடம். அதே கோரிக்கையைக் கேட்டதும் அங்கிருந்த தலைமை அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். (அந்தத் துடைப்பை மூன்று பக்கம் வர்ணித்திருந்தேன். எடுத்துவிட்டேன். நன்றி சொல்லுங்கள்.) பிறகு விடுதிக்கு ஆள் அனுப்பினார். ராசிங்காபுரத்துப் பெண், பொன்னுமணி என்று பெயர், ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"எதுல பெயிலு?" என்றார் மொக்கச்சாமி.

"கெமிஸ்ட்ரி. ரெண்டு தடவ. இந்தத் தடவயும் ஆவேன்போலத்தான் இருக்கு."

"பெறகென்ன சோலிக்கு இங்க இருக்க? ஊருக்குப் போகலாம்ல?"

"ஊருக்குப் போனா கல்யாணம். இங்க இருந்தா கெமிஸ்ட்ரி. கெமிஸ்ட்ரி தேவல பெரியப்பா."

சந்திரவல்லி தாவணி நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். தலைமை அம்மாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குச் சாயங்காலம்தோறும் ஓர் ஆசிரியை தனியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார் என்பதும், அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்று இருவருக்குமே தெரியும் என்பதும் விசாரிப்பில் வெளிவந்தன. மொக்கச்சாமிக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பிடிக்கு விலை சொல்லத் தெரியவில்லை.

ஊர் திரும்புகிற பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியது. தேனி நெருங்கும்போது சொன்னார்: "பெயிலான புள்ளையவும் தள்ளாம வெச்சிருக்காக. நல்ல எடந்தான். ஆனா அந்தப் புள்ள பேசுன பேச்சு இருக்கே, நீயும் அப்படித்தான் பேசுவ. ரெண்டும் வேணாம். ஆவணியில வெச்சுக்கிருவோம்."

சந்திரவல்லி வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "சரிங்கய்யா. மாமன் மூட்டையில கைய விட்டுப் பாத்தீகளா?"

(இந்த இடத்தில் பஸ் பிரேக் போட்டு நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.)

5

மறுநாள் மொக்கச்சாமி சின்னமுத்துவுக்குச் சொல்லாமல் ஒரு லோடு லாரியில் மலையேறினார். மாப்பிள்ளை என்கிற மூட்டைக்கு அடி எது என்பது வழியெல்லாம் அவருக்குக் குழப்பம். ஜீப்பும் மீசையும் பங்களாவும் வாய்ப்புறம், அது தெரிகிறது. ஆகவே பங்களாவைத் தாண்டி, ஏலச்செடிகளுக்குள் இறங்கி, கடைசிக் குடிசைக்குப் போனார். அங்கே காய் பறிக்கிற இருளம்மாள் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். முதலாளி எப்படி என்று கேட்டார்.

"தங்கமான மனுசன். கூரை ஒழுகுதுன்னு மூணு மழையாச் சொல்றோம், ஒரு தரங்கூட மொகஞ்சுளிச்சதில்ல. சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிருவாரு."

சாயாவில் ஒரு சொட்டு விழுந்தது. (ஒரு வாளி விழுந்தது என்று எழுதத்தான் கை பரபரக்கிறது. ஒரு சொட்டுதான்.) மொக்கச்சாமி டம்ளரை நகர்த்தி வைத்தார். நகர்த்திய இடத்திலும் விழுந்தது.

6

கைவசம் இரண்டு முடிவுகள்.

முதலாவதில், சந்திரவல்லி ஓட்டுக் கட்டடக் கல்லூரியில் சேர்ந்து கெமிஸ்ட்ரிப் பேராசிரியை ஆகி, பொன்னுமணியைத் தேற வைத்து— மலர்க் குழுவுக்கு இது பிடித்திருக்கும்.

இரண்டாவதில், அவள் சின்னமுத்துவைக் கட்டிக்கொண்டு, தாலி கட்டிய மறுநாளே குடிசைக்கெல்லாம் கூரை— என் மனைவிக்கு இது பிடித்திருக்கிறது.

இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இதுவரைதான்:

மொக்கச்சாமி திரும்புகிற வழியில் பங்களாவுக்குள் தலையைக் காட்டிவிட்டு, ஈரச் சட்டையோடு வீடு வந்தார். "மாப்ளேகிட்ட இப்ப வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார் ஒச்சம்மாளிடம். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. அடுத்த ஒரு வருஷத்துக்கும் இல்லை.

பிறகு மகளிடம் திரும்பினார். "ரெண்டு காலேஜையும் பாத்துட்டேன். எனக்குப் பிடிபடல. உனக்கு எது வேணும் ஆத்தா?"

அவள் சொல்வதற்கு நல்ல வாக்கியம் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல் கல்லூரியில், அப்பா கும்பிட்டு எழுந்த நேரத்தில், நூலக வாசலில் நின்று அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டாவதில், கிணற்றடியில் பெண்கள் யாருக்கும் பயப்படாமல் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டாள். இரண்டையும் நான் எழுதாமல் விட்டுவிட்டேன். அவள் விடவில்லை.

சேர்வதற்குக் கடைசி நாள் நெருங்குகிறது. மொக்கச்சாமி சட்டையை மாற்றாமல் நிற்கிறார். இதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பதில் வந்ததும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்குப் பதிலை எடுத்துக் கொடுக்க மட்டும் வேண்டாம். அவள் யோசிக்கிறாள்.