முதல் உறைபனிக்கு வருகிறேன் என்றாள்

ஆகஸ்ட் மாதத்து ஜார்ஜியா வெயிலில் புத்தியுள்ள எவளும் மண்வெட்டியைத் தொடமாட்டாள். நான் தொட்டேன். எல்லாம் இந்த வாயால் வந்த வினை.

என் மகள் லட்ரீஸ் சிகாகோவில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துப் போன் செய்வாள். அன்றைக்கு அவள் குரலே சரியில்லை. அங்கே கடையில் காலர்ட் கீரை வாங்கி வேகவைத்தாளாம், ரப்பரை மென்றது போல் இருந்ததாம், பாதிப் பானையைக் குப்பையில் கொட்டினாளாம். யார் வீட்டுக் கொல்லையிலாவது விளைந்த கீரைக்கு நாக்கு ஏங்குகிறது என்றாள். பெற்ற வயிறு கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? நம் கொல்லையிலேயே போட்டிருக்கிறேன், இலையுதிர் காலத்துக்குத் தோட்டமே தயாராகிறது என்று அடித்துவிட்டேன். கொல்லையில் அப்போது இருந்ததெல்லாம் முழங்கால் உயரப் புல்லும், செத்துப்போன என் வீட்டுக்காரரின் ஓட்டைப் படகும்தான்.

"நீயா? பிளாஸ்டிக் செடியையே வாடவிட்ட ஆளாச்சேம்மா நீ" என்று சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "சரி, முதல் உறைபனி விழுந்ததும் சொல்லு. அந்த வாரமே வந்துடறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குடும்பமெல்லாம் கூடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மூன்று வருடமாக அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, ஒரு வருடம் விமானம் ரத்து, ஒரு வருடம் காரணம்கூடச் சொல்லவில்லை. இந்தத் தடவை அவளாகவே வருகிறேன் என்றிருக்கிறாள். உறைபனி விழ வேண்டும், கீரை இருக்க வேண்டும். அவ்வளவுதானே.

பனி ஏன் என்றால், எங்கள் ஆட்கள் உறைபனி படாத காலர்ட் கீரையைப் பறிக்கமாட்டார்கள். குளிரில் ஒரு ராத்திரி அது நன்றாக வெடவெடத்தால்தான் கசப்பு இறங்கி இனிப்பு ஏறும். அதற்குமுன் பறித்துச் சமைத்துச் சர்ச் விருந்துக்கு எடுத்துப்போகிறவளின் பாத்திரம் மூடியபடியே வீடு திரும்பும்.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவள். ஊருக்கே கீரை வேகவைத்துப் போட்டிருக்கிறேன். ஒரு செடி நட்டதில்லை. சிவப்புக் களிமண் வெயிலில் இறுகிக் கிடந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் அது என் தோளுக்கே திரும்பி வந்தது. புல்லை இன்றைக்குப் பிடுங்கினால் நாளைக்கு எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டில் என் நாத்தனார் எர்னஸ்டீன் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அவளுக்குத் தோட்டம் கைவந்த கலை, வாய் அதைவிட.

கூடவே போட்ட டர்னிப் கிழங்கின் விதை கடுகு போலப் பொடிசு. மணலோடு கலந்து தூவ வேண்டுமாம். எனக்கு யார் சொன்னது? பாக்கெட்டை அப்படியே ஒரு வரிசையில் கவிழ்த்துவிட்டேன். ஒரு வாரத்தில் பிள்ளையின் தலைமுடி போல் அடர்ந்து முளைத்துவிட்டது. பெருமையாக எர்னஸ்டீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாதிக்குமேல் பிடுங்கிப் போடாவிட்டால் ஒன்றுகூடத் தேறாது என்றாள். முளைத்ததைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் அவளே வேலி தாண்டி வந்து பிடுங்கினாள், நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடையில் வாங்கி வந்த காலர்ட் நாற்றுகளை மட்டும் நான் அவளிடம் விடவில்லை. நெருக்கமாக நட்டதை இரண்டு தடவை பெயர்த்துத் தள்ளித் தள்ளி நட்டேன். பச்சைப் புழு விழுந்தது. காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்து நசுக்கினேன். அந்தச் சனியன்களுக்கு வாயில் வந்த பேரெல்லாம் வைத்தேன். அக்டோபரில் இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்துவிட்டது. லட்ரீஸிடம் சொன்னேன். ஓ, அப்படியா என்றாள். வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் வந்தது, குளிர் வரவில்லை. சர்ச்சுக்கு எல்லோரும் கோடைச் சட்டையிலேயே வந்தார்கள். கொசுகூடப் போகவில்லை. தினமும் விடிந்ததும் வாசற்கதவைத் திறந்து புல்லைப் பார்ப்பேன். வெள்ளையாக ஏதாவது தெரியாதா என்று. வெறும் ஈரம்தான். லட்ரீஸின் அறையில் புதுப் போர்வை விரித்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் எர்னஸ்டீன் ஒருநாள். "அவ வர்றதா இருந்தா பனியக் கேட்டுட்டா வருவா, அண்ணி?"

அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். அவள் சொன்னது பொய்யாக இருந்தால் எனக்கு ஏன் அப்படி எரிய வேண்டும்?

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம் பொறுமை போய்விட்டது. ஒரு கட்டு கீரையைப் பறித்துக் கழுவிப் பையில் போட்டு உறைபனிக்குப் பதிலாக ஃப்ரீசரில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் பெரிய பாவம் அது, பட்டணத்துக்காரர்கள் செய்கிற வேலை. மறுநாள் எடுத்துப் புகைபோட்ட வான்கோழிக் கழுத்தைப் போட்டு வேகவைத்தேன். ருசி பார்த்தேன். அடிநாக்கில் கசப்பு லேசாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைவரை காத்திராமல் நானே போனை எடுத்தேன்.

உறைபனி விழுந்துவிட்டது, புல்லெல்லாம் உப்புக் கொட்டினது போல் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, கீரை தேனாக இனிக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். என் புளுகு எட்டு நொடி தாங்கவில்லை.

"ஏம்மா பொய் சொல்றே? நேத்து ராத்திரி அங்க தூறல். இந்த வாரம் பூரா உறைபனியே கிடையாது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சிகாகோவுல உக்காந்துகிட்டு எங்க ஊர்த் தூறல் உனக்கெதுக்குடி?"

கோபத்தில் போனை வைத்துவிடப் போனேன்.

"காலைல எந்திரிச்சதும் போன்ல மொதல்ல அங்கதான் பார்ப்பேன்" என்றாள். "மழையா வெயிலா, நீ துணி காயப் போட்டிருப்பியா இல்லையான்னு. இங்க வந்ததுலேர்ந்து அப்படித்தான். ஒருநாள்கூட விட்டதில்லம்மா."

இத்தனை வருடமும் அங்கே அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, என் ஞாபகம் வரப்போவதில்லை என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேனே.

"பனி விழலடி" என்றேன். "கீரை கசக்குது. கசந்தா என்ன, கிளம்பி வா. எனக்கு உன்னப் பார்க்கணும்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இத்தன வருஷத்துல இப்பத்தாம்மா கூப்பிட்டிருக்கே" என்றாள். "கோழி பொரிச்சேன், கேக் சுட்டேன், அத்தை விசாரிச்சான்னுதான் சொல்லுவே. வான்னு ஒரு தடவகூடச் சொன்னதில்ல."