கோடு போட்ட தக்காளி

லிப்ட் மெக்கானிக்குக்குக் கை நடுங்காது. பதினான்கு மாடிக் கட்டிடத்தில், லிப்டின் தலைமேல் ஏறி நின்று ஸ்குரூ முடுக்கிய மனுஷன் அவர். அப்படிப்பட்டவர் கொல்லையில் ஒரு தக்காளிச் செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

எல்லாம் அவர் மனைவி விட்டுப்போன வேலை. மூன்று வருஷம் மெனக்கெட்டு, இந்தச் செடியின் பூவையும் அந்தச் செடியின் பூவையும் கையாலேயே கலந்து, பச்சைக் கோடு போட்ட ஒரு தக்காளியை அவள் உண்டாக்கியிருந்தாள். "தக்காளிக்குக் கல்யாணத் தரகர் வேலையா பாக்கற?" என்று இவர் சீண்டுவார். "ஆமா, கமிஷன்ல உங்களுக்குப் பங்கு கிடையாது" என்பாள் அவள்.

இந்த வருஷம் அவள் கையிலிருந்த கோட்டுத் தக்காளி விதைகளையெல்லாம் போட்டும் முளைத்தது ஒன்றே ஒன்று. அது பூத்த வாரம்தான் அவளுக்கு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். போவதற்கு முன்னால் அந்தப் பூக்களைத் தட்டி, மகரந்தத்தை ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து பிரிட்ஜில் வைத்தாள். "இதோட கலக்கவேண்டிய அகல இலைச் செடி இன்னும் மொட்டே விடல. வந்து அதுல இந்தத் தூளைப் போட்டுக்கறேன்" என்றாள். உயிரோடு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இவர் நாயாய் அலைந்த நாட்களில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கோட்டுத் தக்காளிச் செடியும் காய்ந்து குச்சியாகிவிட்டது. மிஞ்சியது டப்பாவின் அடியில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். அது போனால் அவள் தக்காளி உலகத்தில் இல்லை.

அதனால்தான் இந்த நடுக்கம். அகல இலைச் செடியில் நன்றாக விரிந்த பூக்களாகப் பொறுக்கினார். இதழைக் கிள்ளினார், நடுவில் இருந்த மஞ்சள் கூம்பை உரித்தார், உள்ளே நின்ற பச்சைக் குச்சியின் நுனியில் தூரிகையால் தூளைத் தடவினார். தெரிந்தவர்கள் செய்கிற மாதிரியேதான் இருந்தது. கஞ்சத்தனம் பார்க்காமல் டப்பாவைச் சுரண்டித் தடவினார். காம்புகளில் நூல் கட்டினார். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார்.

ஆறு பூவில் ஐந்து காய்த்தன. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழங்களில் கோடு இல்லையே என்று கவலைப்படவும் இல்லை. பழம் தாய்ச்செடி மாதிரிதான் இருக்கும், கலப்பு விதைக்குள் இருக்கும் என்று அவள் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது. விதைத்தார். பன்னிரண்டு நாற்றுகள் வந்தன.

மனைவியின் தங்கை பார்க்க வந்தாள். அக்காவோடு சேர்ந்து செடி வளர்த்தவள். நாற்றுகளின் முன்னால் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"எல்லா இலையும் அகல இலைச் செடி மாதிரியே ஓரம் வழவழன்னு இருக்கே, மாமா. கோட்டுத் தக்காளிக்கு இலை ரம்பம் மாதிரி இருக்கும். கலந்திருந்தா அந்தப் பல்லு இதுலயும் வந்திருக்கணும்."

"கலந்தேனே!"

"மொட்டா இருக்கும்போதே பிரிச்சீங்களா?"

"மொட்டாவா? நல்லா விரிஞ்ச பூவாப் பாத்துல்ல எடுத்தேன்."

அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "விரிஞ்சுட்டா அது தன் மகரந்தத்தையே எடுத்துக்கும், மாமா. அப்புறம் நாம என்ன தடவினாலும் ஏறாது. என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

 கழுவிய டப்பா சமையலறையில் எங்கோ கிடந்தது. துக்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"அவ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, மாமா" என்றாள் தங்கை மெதுவாக. "போன வருஷம், இதே இடத்துல. உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து மொட்டைப் பிரிச்சுக் காட்டினா. நானும் பக்கத்துலதான் நின்னேன். நீங்க 'ம், ம்'னு கேட்டுட்டு இருந்தீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் அவருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.