கெடு தாண்டிய காதுகள்

அக்டோபர் பதிமூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஹுப்பள்ளி கோகுல் ரோட்டில் சர்க்கரை ஆலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், முப்பத்தோரு பேரில் இருபத்தாறு பேருக்கு இடது காது செக்கச் செவேலென்று சிவந்துபோயிருந்தது. அன்று சந்தையில் வெங்காயம் கிலோ முப்பத்தெட்டு ரூபாய். காதில் வலி இல்லை, அரிப்பும் இல்லை. மின்சாரம் போன பத்து நிமிடத்தில் அந்தக் காதுகளின் வெளிச்சத்திலேயே ஆட்கள் மாடிப்படி இறங்கினார்கள் என்றால் எவ்வளவு சிவப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். காது டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஷிவலீலா ஒரு விதி எழுதியிருந்தாள். கம்பெனியில் யார் என்ன வேலையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு மென்பொருளில் பட்டியல் உண்டு. முடித்த தேதி கெடுவுக்குள் இருந்தால் பச்சை, முடித்த தேதியே இல்லாமல் கெடு தாண்டியிருந்தால் சிவப்பு, இதை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அந்த விதி. பட்டியலில் யார் பெயர் சிவந்ததோ அவர் காதும் சேர்ந்து சிவந்துவிட்டது. அதுவரை அதைப் பார்த்துக்கொண்டது அவள். ஐந்து வருடமாக, வெள்ளிக்கிழமைதோறும், கையில் நோட்டோடு மேஜை மேஜையாகப் போய் “ஆச்சா?” என்று கேட்பது அவள் உத்தியோகம். அவள் தலை தெரிந்தாலே ஆண்கள் கழிவறைக்குள் புகுந்துகொள்வார்கள். ஒருத்தர் போனைத் தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டு பேசுவார். கேட்டுக் கேட்டு அந்தச் சொல் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இரண்டாவது கவளம் இறங்குவதற்குள் தன்னை அறியாமல் கேட்டுவிடுவாள். வந்தவருக்கு அதற்குமேல் சோறு இறங்காது. நெருங்கிய சிநேகிதி வைஜயந்திகூட மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், “உன்கூட உக்காந்தா ரொட்டிகூடத் தொண்டையில நிக்குது லீலா” என்று சொல்லிவிட்டு டப்பாவோடு மொட்டை மாடிக்குப் போனவள்தான். அன்றிலிருந்து ஷிவலீலா தனியாகவே சாப்பிட்டாள். அது அவளை அரித்தது. கேட்கிற வேலை ஒழிந்தால் கூடச் சாப்பிட ஒரு ஆளாவது கிடைக்கும் என்பதற்காகத்தான் அந்த விதியையே எழுதினாள்.

இப்போது ஆபீஸே அவளைச் சூழ்ந்துகொண்டு நின்றது. எல்லோரிலும் அதிகமாகக் குதித்தவன் வீரேஷ்.

“அக்கா, கரும்பு எடை வேலைய நான் போன வாரமே முடிச்சுட்டேன். உங்ககிட்ட வாயால சொன்னேனா இல்லையா? நாளைக்கு கதக் ஊர்ல பொண்ணு பாக்கப் போறேன். இந்தக் காதோட போனா அவங்க தீயணைப்பு வண்டியக் கூப்பிடுவாங்க!”

“சாயங்காலத்துக்குள்ள இந்தக் கூத்த எடுத்துடும்மா, பழையபடியே நீ போய்க் கேளு” என்றார் மேலாளர் ஜோஷி. அவர் காதும் சிவப்புதான், கைக்குட்டையால் மூடியிருந்தார்.

பழையபடி என்ற சொல்லைக் கேட்டதும் ஷிவலீலா நோட்டை எடுத்து மென்பொருள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் பிசகு எங்கே என்று பிடிபட்டது. அந்த ஆபீஸில் வேலை முடிந்தது என்றால் அவளிடம் வாயால் சொல்வார்கள், அவள் நோட்டில் எழுதுவாள். மென்பொருளில் யாரும் ஒரு நாளும் அதைப் பதிந்ததில்லை. பட்டியலில் வேலையே இல்லாத ஐந்து பேர் மட்டும் தப்பினார்கள். மென்பொருளுக்கு நோட்டைப் பற்றி என்ன தெரியும்? பத்தரை மணிக்கு ஐந்து நோட்டுகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யார் எந்த வேலையை எந்தத் தேதியில் முடித்தார்கள் என்று நானூற்றுப் பன்னிரண்டு தேதிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒருத்தர் கணக்கு நேராக நேராக அவர் காது ஆறியது. வீரேஷ் காது பதினொன்றே முக்காலுக்கு ஆறியது. அவன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நான் முடிச்ச தேதியக் கரெக்டா எழுதி வெச்சிருக்கீங்களே அக்கா” என்றான், நம்ப முடியாதவன் மாதிரி. மூன்று மணிக்கு நாலே நாலு சிவப்புக் காதுகள் மிச்சம். அந்த நாலு பேரும் நிஜமாகவே முடிக்காதவர்கள். அதில் ஒருவர் ஜோஷி. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அறைக்குள் போய் ஆகஸ்டில் கொடுத்திருக்க வேண்டிய டெண்டரைத் திறந்தார். விதியை எடுக்கச் சொல்லி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஷிவலீலாவுக்குப் போய் நிற்க ஒரு மேஜையும் இல்லை. ஜன்னலோரம் நின்று ஒரு டம்ளர் டீயை, சூடு ஆறுவதற்குள், முழுசாகக் குடித்தாள். அப்பாடா என்றிருந்தது. சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

பிறகு எல்லாம் பழகிவிட்டது. சிலர் கெடு தேதியைத் தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். விதி முதல் தேதியைத்தான் மதித்தது, காது கூடுதலாகச் சிவந்தது. கதக் பெண் வீரேஷைக் கட்டிக்கொண்டாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதைப் பார்த்து, சினிமாவுக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வாள். கரும்பு ஆட்டும் பருவங்கள் இரண்டு போயின. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சாவி, அடையாள அட்டை, காது விவரம் மூன்றையும் முதல் நாளே கொடுத்துவிடுவார்கள். ஷிவலீலா மட்டும் இன்னும் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பயம் போக நாளாகும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, வைஜயந்தி டப்பாவோடு மொட்டை மாடிப் படிவரை போனவள், திரும்பி வந்து ஷிவலீலா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் இடது காது கனன்றுகொண்டிருந்தது. ஆலைக் கிடங்கு வேலை, மூன்று வாரம் தாண்டிவிட்டது. மறைக்கக் கூந்தலைக்கூட அவள் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சோள ரொட்டியைப் பிய்த்தார்கள். முதல் கவளம் போனது, இரண்டாவது போனது, மூன்றாவதும் போனது. ஷிவலீலா அந்தக் காதை நன்றாகப் பார்த்தாள்.

“கத்திரிக்காய்க்கு எள்ளு வறுத்துப் போட்டியா?” என்று கேட்டாள்.

“வேர்க்கடலையும் போட்டேன். இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ லீலா” என்றாள் வைஜயந்தி.