குளிர் அறையில் ஊமையான கண்ணாடிகள்

இருபது கண்ணாடிகளில் ஆறு ஊமையாகிவிட்டன. மணி பன்னிரண்டரை. ஆர்டர் கொடுத்த கம்பெனியின் இஞ்சினியர் நான்கு மணிக்கு வருகிறார்.

ஜெலாப்பாங் தொழிற்சாலையின் சோதனை அறையில் தினேஸ்வரி ஆறாவது கண்ணாடியை, காதில் மைக் பதித்த பொம்மைத் தலையில் மாட்டி மறுபடி பாட்டை ஓடவிட்டாள். பார்வைக்குச் சாதாரண மூக்குக் கண்ணாடிதான். ஆனால் காதில் மாட்டும் தண்டுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர். காதை அடைக்காமல், தண்டின் அடியிலுள்ள துளை வழியாகப் பாட்டை நேரே காதுக்குள் ஊற்றும். பின்னால் இன்னொரு துளை. அது எதிர் அலையை அனுப்பி, வெளியே கசியும் சத்தத்தை அமுக்கிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

இப்போது பொம்மைக்கே ஒன்றும் கேட்கவில்லை. மீட்டர் முள் அசைய மறுத்தது.

பத்து நாள் போட்டுப் பார்க்கச் சொல்லித் தொழிலாளர்களிடம் கொடுத்த கண்ணாடிகள் அவை. துளைகளின் மேல் மெல்லிய வலை ஒட்டுவது நவமணி ஒருத்திதான்.

"பசை வலைக்குள்ள எறங்கிருச்சு. மைக்ராஸ்கோப்ல பாரு, எப்படி அடைச்சிருக்கு!" என்றார் மேனேஜர் சுகுமாரன். "நாளையிலேர்ந்து நவமணி பேக்கிங்குக்குப் போகட்டும்."

கோப்பெங்கிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து, பதினோரு வருஷமாக அதே மேசையில் இடுக்கி பிடித்த கை அது. நவமணியின் முகம் கறுத்தது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"என் கண்ணாடியும் அந்த ஆறுல ஒண்ணுதான் பாஸ். வீட்டுல நல்லாப் பாடுது. இங்க வந்தாதான் வாயை மூடிக்குது. உங்களைக் கண்டா பயம் போல."

"என்னோடது இங்கயே பாடுதே!" சுகுமாரன் தன் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

இங்க வந்தாதான். அந்தச் சொல் தினேஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது.

"அக்கா, உங்க கண்ணாடியை எடுங்க. கண்டினுக்குப் போலாம்."

"இப்ப சோறு ஒண்ணுதான் கேடு லா!"

"சாப்பிட இல்லக்கா. வாங்க."

கண்டினில் ஏர்கோண்ட் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகல் கொதித்தது. கண்ணாடியை மேசையில் பத்து நிமிடம் கிடக்கவிட்டு, பிறகு நவமணியைப் போடச் சொன்னாள்.

"பாடுது! தினேஸ், பாடுது லா!"

ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் பொம்மைத் தலையில் மாட்டினார்கள். அறையில் இருபது டிகிரி. முள் முதலில் நன்றாக ஆடியது. மூன்று நிமிடத்தில் தளர்ந்தது. ஏழாவது நிமிடத்தில் படுத்துவிட்டது.

காய்ந்த பசை வெயிலில் இளகி, குளிரில் மறுபடி இறுகாது. அப்படியானால் இது என்ன?

தினேஸ்வரி ஊசியால் வலையைச் சுரண்டினாள். வெள்ளையாக ஒரு பொட்டு வந்தது. விரல் சூட்டில் நொடியில் உருகி ஓடியது. முகர்ந்து பார்த்தாள்.

"அலாமாக்!" ஊமையான ஆறையும் போட்டவர்களின் பட்டியலை இழுத்தாள். துளசி, ராக்காயி, பவித்ரன்... "அக்கா, நீங்கள்லாம் தலைக்கு என்னா வைக்கிறீங்க?"

"தேங்காயெண்ணெய்தான். வேற என்னாத்த வைப்பாங்க?"

"ஏர்கோண்ட் ரூம்ல எண்ணெய்ப் போத்தல வச்சா?"

"கட்டியா உறைஞ்சு..." நவமணி பாதியில் நின்றாள். கண்கள் சுகுமாரனின் வழுக்கைத் தலைக்கு மெல்ல ஏறின. "அதான் பாஸ் கண்ணாடி பாடிக்கிட்டே இருக்கு. எண்ணெய் வைக்க எடமே இல்லையே!"

அறையே குலுங்கியது. சுகுமாரனும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார்.

நான்கு மணிக்கு வந்த இஞ்சினியர் அந்த வெள்ளைப் பொட்டை மைக்ராஸ்கோப்பில் வெகு நேரம் பார்த்தார். வேர்வைக்குச் சோதனை வைத்திருந்தார்கள், மழைக்கு வைத்திருந்தார்கள். தலை எண்ணெய் யாருக்கும் தோன்றவில்லை. சோதனைப் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்தில் எண்ணெய் ஒட்டாத புது வலை வந்தது. எண்ணெய் ஒட்டாத வலையில் பசை மட்டும் சுலபத்தில் ஒட்டிவிடுமா? மூன்று பேர் முயன்று, மூன்று பேரும் கையை உதறினார்கள்.

நவமணி நிதானமாக எழுந்தாள். "அப்ப நான் பேக்கிங்குக்குப் போவட்டா பாஸ்?"

"உக்காரு லா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் சுகுமாரன்.

அவள் உட்கார்ந்து, எண்ணெய் மினுங்கும் கூந்தலை ஒதுக்கிவிட்டு, முதல் புது வலையைத் தன் கண்ணாடியிலேயே ஒட்டி மாட்டிக்கொண்டு, அடுத்ததற்கு இடுக்கியை எடுத்தாள். பாட்டு அவளுக்கு மட்டும் கேட்டது.