நீலமான சட்டை

ஆம்பூர்த் தோல் தரகர் கொலை வழக்கில் ஜான் பாஷாவைப் பிடித்தவர் சப் இன்ஸ்பெக்டர் ஞானசீலன். கொலைக்கு முந்தின நாள் சந்தையில் அவன் தரகரின் சட்டையைப் பிடித்து உலுக்கியதைப் பலர் பார்த்திருந்தார்கள். அவன்தான் கொன்றான் என்று ஞானசீலன் உறுதியாக நம்பினார்.

அந்தச் சமயத்தில், ரத்தக்கறையைக் காட்டிக்கொடுக்கும் புது மருந்தைப் போலீசுக்கு விற்க மதராசிலிருந்து ஓர் ஏஜெண்டு வேலூருக்கு வந்தார். பிடிபட்டபோது ஜான் பாஷா போட்டிருந்த சட்டையில் கறை இருந்தது; சூப்பிரண்டு முன்னிலையில் அதில் ஒரு சொட்டு விட்டார். கறை பளிச்சென்று நீலமானது.

"ஆள் அகப்பட்டான்!" என்றார் ஏஜெண்டு.

"ஜில்லா பூரா வாங்கிடலாம்" என்றார் சூப்பிரண்டு.

ஞானசீலனுக்கு ஒன்று உறுத்தியது. ஜான் பாஷா தோல் பதனிடும் ஷாப்பில், உரித்த ஈரம் காயாத ஆட்டுத் தோல் சுமப்பவன். அவன் சட்டையில் ரத்தம் இல்லாமலா இருக்கும்?

"வாங்கறதுக்கு முன்னாடி நான் ஒரு சோதனை வைக்கணும் சார்."

"உம்ம கேஸை நீரே ஒடைக்கிறீரா?"

"கேஸ் கோர்ட்டுல நிக்கணும் சார். அதுக்குத்தான் கேக்கறேன்."

சூப்பிரண்டு முகம் சுளித்தார். ஞானசீலன் நகரவில்லை. கடைசியில் அனுமதி கிடைத்தது.

வாணியம்பாடிக்குப் போய், தரகரைக் கண்ணால்கூடப் பார்த்திராத தோல் சுமப்பவர்களின் பழைய சட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும், ஜான் பாஷாவின் சட்டையிலும், கறைபட்ட ஒரு துண்டை வெட்டி மேசைமேல் பரப்பினார். எது யாருடையது என்று சொல்லவில்லை.

ஏஜெண்டு மருந்தைச் சொட்டினார். எல்லாத் துண்டுகளும் நீலமாயின.

"இதுல கொலைகாரன் சட்டை எது?" என்று கேட்டார் ஞானசீலன்.

ஏஜெண்டு நெற்றியைத் துடைத்தார். "ரத்தம்னுதான் இது காட்டும். ஆடா, மனுஷனான்னு காட்டாது."

"அன்னிக்கு ஏன்யா அதைச் சொல்லலை?" சூப்பிரண்டின் குரல் உயர்ந்தது. மருந்து வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது.

வெறும் சண்டையை வைத்து ஆளை அடைத்துவைக்க முடியாது. ஞானசீலனே லாக்கப்பைத் திறந்தார்.

"நான் இல்லேன்னு நம்பிட்டீங்களா சார்?" என்றான் ஜான் பாஷா.

"தெரியலை. தெரியாம உன்னைத் தூக்குக்கு அனுப்ப மாட்டேன். ஊரை விட்டு மட்டும் போகாதே."

அவன் போன பிறகு ஞானசீலன் சைக்கிளை எடுத்தார். ஜான் பாஷா அகப்பட்டதும் விசாரிக்காமல் விட்ட வீடுகள் தரகரின் தெருவில் நிறைய இருந்தன. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.