டிரெட்மில் நின்ற காலை

என் வீட்டுக்காரர் மாரடைப்புக்குப் பிறகு பஸ் டிரைவர் வேலைக்கு முழுக்குப் போட்டார். அதிலிருந்து எனக்கு நிம்மதி என்றால் பக்கத்து அறையில் அவர் ஓடும் டிரெட்மில்லின் சத்தம்தான். இந்தப் பக்கம் நான் பள்ளிச் சீருடை தைப்பேன். அந்தப் பக்கம் அது உறுமிக்கொண்டிருக்கும். உறுமுகிறதா, மனுஷன் நன்றாக இருக்கிறார். சட்டென்று நின்றால் போதும், ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடுவேன்.

"தண்ணி குடிக்கக்கூட விடமாட்டியாடீ?" என்பார். அசடு வழியத் திரும்பி வருவேன்.

நேற்று அந்தச் சனியன் பிடித்த மோட்டார் புகைந்து நின்றது. இன்று விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ரோட்டுலயா? வேணாங்க. எங்கேயாவது விழுந்து வெச்சா?"

"டாக்டரே வெளியில ஓடலாம்னுட்டார். நீ வேற!"

போய்விட்டார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தேன். அவர் வழக்கமாக ஓடி முடிக்கும் நேரம் தாண்டியது. குளிக்கும் நேரமும் தாண்டியது. போன் செய்தால், அது டிரெட்மில் மேலேயே கிடந்து அடித்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, ஒரு சாமியையும் விடாமல் வேண்டிக்கொண்டே போனேன்.

மேம்பாலம் தாண்டி, பெட்ரோல் பங்க்கும் தாண்டி, ஒரு பஸ் ஸ்டாப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

"என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல. தினமும் ஓடுற தூரம்தான் ஓடினேன். முடிச்சதுக்கு அப்புறம்தான் தோணுச்சு, இதே தூரம் திரும்பியும் போகணுமே!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன்! போன வண்டி திரும்பி வரணும்னு உங்களுக்குத் தெரியாது?"

"மெஷின்ல ஓடி இறங்கினா வீட்டுலயே இருப்பேன். அந்தப் பழக்கம்."

"போதும்! மோட்டார் சரியாகுற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உயிரே."

அவர் குனிந்து ஷூ கயிற்றைத் தளர்த்தினார்.

"தெரியும். அதனாலதான் மூச்சு முட்டினாலும் மெஷினை நிறுத்தமாட்டேன். நிறுத்தினா நீ அலறி அடிச்சுட்டு வருவே. நீ பயப்படக் கூடாதுன்னே ஓடிட்டிருந்தேன். இன்னிக்கு வழியில ரெண்டு தடவை முடியலன்னு தோணுச்சு. ரெண்டு தடவையும் நின்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நிம்மதியாகத் தைத்த காலைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

'ஏறுங்க' என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மெதுவாவே போகலாம். நீங்க சொல்லும்போது," என்றேன்.